நெட் அறுவது கம்பத்திலா, கூடத்திலா?

தர்மபுரி மாவட்டத்தில் வீட்டுக் கணினியில் நெட் விட்டுவிட்டு வந்தால் பழி உடனே லைன் மீது விழுகிறது. பாலக்கோட்டிலும் அரூரிலும் காதில் விழும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: இது மலை சூழ்ந்த மாவட்டம், லைன் அப்படித்தான் இருக்கும், கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் பெரிய பிளான் போட வேண்டும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பொருந்தும் இடம் குறைவு.

முதலில் மலை. செல்போன் டவரை நம்பும் டாங்கிளுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் மலை மெய்யான தடைதான். சித்தேரி, வத்தல்மலைக்காரர்களிடம் இதை மறுத்துப் பேச முடியாது. கண்ணாடி இழையின் கதை வேறு. அதற்குள் ஓடுவது ஒளி; குறுக்கே குன்று நிற்கிறதா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. வீடுகளுக்கு இழை தரும் ஜிபான் முறை சுமார் 20 கி.மீ. வரை தாங்கும்படி வகுக்கப்பட்டது. அந்த இழையை ஊர்களுக்குக் கொண்டுபோகும் வேலையும் நடக்கிறது: ஊராட்சிகளை இணைக்க 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டமே பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. வீட்டுச் சுவர்வரை இழை வந்துவிட்ட பிறகு மலையைக் குறைசொல்ல நியாயம் இல்லை.

அடுத்து, ‘லைன் கோளாறு’. இது ஊகமாகவே இருக்க வேண்டியதில்லை, பார்த்தே தெரிந்துகொள்ளலாம். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டை இரண்டு சாளரங்களில் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றதில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் தொடர்ச்சியாகப் பிங் ஓடவிட வேண்டும். நெட் தடுமாறும் நேரத்தில் ரூட்டரிடமிருந்தே பதில் வராமல் போனாலோ, ஒன்றிரண்டு மில்லிநொடியில் வர வேண்டியது நூற்றுக்கணக்கில் எகிறினாலோ, கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் விடுபட்டால், கணினிக்கும் ரூட்டருக்கும் இடையில் குறை இல்லை. சந்தேகம் ரூட்டருக்கும் அதற்கு வெளியே உள்ள லைனுக்கும் நகர்கிறது. இரண்டும் சரியாக ஓடியும் இணையதளங்கள் திறக்கவில்லை என்றால் தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், ரூட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆனாலும் கேபிள்காரருக்குப் போன் போடுவதுதான் முதலில் நடக்கிறது.

‘வை-ஃபை கோடு முழுசாக இருக்கிறதே’ என்பது அடுத்த வாதம். கோடுகள் காட்டுவது அலையின் வலிமையை, இரைச்சலை அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் பத்து ரூட்டர்கள் அவற்றைப் பங்கிட வேண்டியிருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைக்காரன். கணினியில் செருகிய யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கூட அந்த இரைச்சலைக் கூட்டும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது அது வேகமாக வலுவிழக்கும். ஒரே இடத்தில் இருக்கும் மேசைக் கணினிக்கு லேன் கேபிள்தான் சரி. 100 மீட்டர் வரை அது போதும். கேபிள் போட்டதும் அறுபடுவது நின்றால் குறை வை-ஃபையில்தான். மடிக்கணினியில் இன்னொன்றும் உண்டு: மின்சாரம் மிச்சப்படுத்த வை-ஃபை அட்டையைக் கணினியே அணைத்துக்கொள்ளும் அமைப்பு. டிவைஸ் மேனேஜரில் அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

பெரிய பிளான் வேகத்தைக் கூட்டும், அறுபடுவதை நிறுத்தாது. வீட்டில் பலர் ஒரே நேரத்தில் படம் பார்த்து லைன் நிரம்பும் வீட்டுக்கு மட்டுமே அது மருந்து.

ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்பதும் லைன் மீதான குற்றச்சாட்டுக்குச் சாட்சி ஆகாது. சூடேறிய பெட்டியும் நைந்துபோன 12 வோல்ட் அடாப்டரும் அப்படித்தான் சற்று நேரம் சரியாகும். கரண்ட் ஒரு நொடி மினுங்கினாலும் பெட்டி மறுபடி எழுந்து பதிவாகச் சில நிமிடம் பிடிக்கும். வெளியிலிருந்து பார்க்க அது லைன் அறுந்ததைப் போலவே இருக்கும். அடாப்டரின் வோல்டுக்கும் ஆம்பியருக்கும் பொருந்தும் மினி யுபிஎஸ் ஒன்று இதைத் தீர்க்கும்.

இவ்வளவும் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான லைன் கோளாறு. அப்போது பெரும்பாலும் பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும்; அல்லது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் ஒளி அளவு -27 டிபிஎம்முக்கும் கீழே இறங்கியிருக்கும். ஜன்னல் இடுக்கில் நசுங்கிய இழை, கதவு மூலையில் கூர்மையாக மடங்கிய பேட்ச் கார்டு, தூசி படிந்த பச்சை கனெக்டர் ஆகியவை வழக்கமான காரணங்கள். மடிப்பை மட்டும் வீட்டுக்காரரே தளர்த்திப் பார்க்கலாம். கனெக்டரைத் துடைப்பதும் இழையை ஒட்டுவதும் கருவி உள்ளவர் வேலை. வருபவரிடம் ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், அறுந்த நேரங்கள், 8.8.8.8 விடுபட்ட பிங் வரிகள், ஒளி அளவு ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தால், அவர் கம்பத்துக்குப் போவதா கூடத்துக்கு வருவதா என்று உடனே முடிவெடுக்க முடியும்.