மூன்றரை மணி பிளைட்டும் எங்கட வேனும்

இரவு பதினொரு மணிக்குப் பிறகு கட்டுநாயக்க விமான நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தை ஒருதரம் சுற்றிப் பாருங்கள். ஈ.பி. இலக்கத் தகட்டோடு ஒரு வேனாவது நிற்கும். கண்ணாடிகள் பாதி இறக்கியிருக்கும். பின் சீற்றில் இரண்டு பிள்ளைகள் காலும் தலையும் மாறிக் கிடந்து உறங்குவார்கள். வெளியே விரித்த பாயில் உம்மா ஒருவர் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருப்பார். பயணம் போறவர் மட்டும் புதுச் சேட்டு கசங்கிவிடும் என்று நின்றபடியே நிற்பார். கல்முனை வேனாக இருக்கலாம், இல்லாவிட்டால் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று. ஊர் மாறும், பாய் மாறாது.

நாங்களும் அந்த வேனுக்குள் உறங்கியிருக்கிறம். எங்கள் கூட்டத்தில் காக்காவையோ ராத்தாவையோ மச்சானையோ ஏர்போர்ட்டில் விட்டு வராத ஆள் ஒருவரும் இல்லை. அதனால்தான் இதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கு என்று நினைக்கிறம்: இந்த வேன் உறக்கத்தை நாங்கள் நிறுத்த வேண்டும். வெட்கத்துக்காக இல்லை. பாயில் படுப்பதில் என்ன வெட்கம்? காரணம் வேறு, அதற்கு வாறம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும், கல்முனைக்குத் தண்டவாளம் இல்லை. பொலன்னறுவைப் பக்கத்தால் போனாலும் மகியங்கனை, கண்டி என்று மலையேறினாலும் மொனறாகலை, இரத்தினபுரி என்று சுற்றினாலும் எட்டு ஒன்பது மணித்தியாலம் வீதியிலேதான். இரவு பஸ் ஏறினால் விடியத்தான் கொழும்பு. ஆனால் டோஹா, துபாய் பிளைட்டுகளில் பல விடிய முன்னமே பறந்துவிடும். அது எங்களுக்காகப் போட்ட நேரம் இல்லை. காலையில் வளைகுடாவில் இறங்கி, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு மாறிப் போறவர்களை வைத்துக் கட்டின அட்டவணை அது. டோஹாவிலேயே இறங்கி வேலைக்குப் போற எங்கட பிள்ளைக்கு விடிய ஆறு மணிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் மூன்றரை மணி பிளைட்டுக்குப் பன்னிரண்டரைக்கு உள்ளே நிற்க வேண்டும். அப்படியென்றால் முதல்நாள் காலையே ஊரை விட வேண்டும், பின்னேரம் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஐந்தாறு மணித்தியாலம் உடம்பைச் சாய்க்க ஓர் இடம். இவ்வளவுதான் தேவை.

மட்டக்களப்பு விமான நிலையத்தை 2018 இல் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார்கள். மத்தல 2013 இலிருந்து திறந்து கிடக்கு, அதுவும் எங்களுக்குக் கட்டுநாயக்கவை விடக் கிட்ட. பெயர்ப்பலகைகளை எண்ணினால் நாங்கள் பணக்காரர்கள். டிக்கெட் மட்டும் கட்டுநாயக்கவில் இருந்துதான் வருது.

சரி, றூம் தேடுவம் என்று போனை எடுத்தால் ஆயிரம் படம் வரும். 'ஏர்போர்ட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர்' என்று போட்டிருக்கும். அது காகம் பறக்கிற தூரம். நடுவில் ஓடுபாதை கிடக்கிறதை எந்த அப்பும் உங்களுக்குச் சொல்லாது. போன வருஷம் ஒரு மச்சானுக்காக அப்படித்தான் ஓர் இடம் பிடித்தோம். முச்சக்கர வண்டி அரை மணித்தியாலம் சுற்றியது. ஓடுபாதையின் மற்றப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. போனில் 5,000 என்றவர் கதவடியில் 7,500 என்றார், ஏசிக்கு வேறாம். நாங்கள் ஏசி கேட்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு வண்டி பிடித்துத் தருவதாகச் சொன்ன பொடியன் பதினொன்றுக்கே உறங்கிவிட்டான். மச்சான் சூட்கேசைத் தலையில் வைத்துக்கொண்டு பிரதான வீதி வரை நடந்தார். இப்போது சொன்னால் சிரிப்பு வருது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க ஏலாது.

எங்கட வீடுகளில் வெளியே சொல்லாத ஒரு விஷயமும் இருக்கு. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மலிவு லொட்ஜுகள் சில மணித்தியாலக் கணக்கில் றூம் கொடுப்பவை. எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். உம்மா, மனைவி, குமர்ப் பிள்ளைகளோடு அங்கே ஏறி இறங்க வாப்பாமார் பயப்படுகிறார்கள். 'வேனுக்குள்ளேயே கிடப்பம், மானத்தோட கிடப்பம்' என்ற முடிவு அங்கேதான் பிறக்குது. இந்தப் பயத்தை நாங்கள் கிண்டல் பண்ணப் போவதில்லை. ஆனால் நீர்கொழும்பு கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு. பெரியமுல்ல, கமச்சோடைப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் காலங்காலமாக வாழும் இடம். பள்ளிவாசல் இருக்கு, சாப்பாட்டுக்கு யோசிக்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் வீட்டோடு சேர்த்து இரண்டு மூன்று அறை வாடகைக்கு விடும் குடும்பங்களைக் கேட்டு வைத்துக்கொள்வது அப்பில் நட்சத்திரம் எண்ணுவதை விட நல்லது.

மறுகா, அடையாள அட்டை. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்ததற்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரை விலாசத்தில் வைத்திருப்பவர்களுக்கு லொட்ஜ் கவுண்டர் என்பது இன்னொரு செக்பொயின்ற். எங்களில் ஒருவருக்கு நடந்தது இது. போனில் றூம் இருந்தது, அட்டையைக் கொடுத்ததும் றூம் இல்லை. சத்தம் போடவில்லை, திட்டவில்லை, 'புல் மல்லி' என்று சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பித் தந்தார்கள். கோபப்படலாம். ஆனால் அந்தப் பக்கம்தான் கட்டுவாப்பிட்டியத் தேவாலயம் இருக்கு. ஏப்ரல் 21 இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அது. அடுத்த மாதம் விமான நிலையத்துக்குக் கிட்ட மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிக்கப்பட்டதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஏலாதவர்களோடு எங்களுக்குக் கதை இல்லை. அன்றிரவு அவருக்குக் கடைசியில் அறை கொடுத்தது வாசலில் மாதா சொரூபம் வைத்திருந்த ஒரு சிங்கள அம்மா. விலாசத்தை வாசித்தார், ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தானே எழும்பிப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார்.

தமிழ் பேசுகிற ஆட்களுக்கு இந்த நாட்டில் லொட்ஜ் என்பது வெறும் கட்டிலும் ஃபேனும் இல்லை. 2007 ஜூன் 7 விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வடகிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அங்கே தங்கியிருந்தவர்களில் வெளிநாட்டுப் பயணத்துக்கு அலுவல் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மருந்து எடுக்க வந்தவர்களும் இருந்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து ஓர் இரவு படுக்கிறவனிடம் 'ஏன் இங்க படுக்கிறாய்' என்று கேட்கிற நாடு இது. அந்தக் கேள்வி ஒரு காலம் அவர்களிடம், ஒரு காலம் எங்களிடம்.

இப்போது வேன் உறக்கத்துக்கு வருவம். றூம் எடுக்கச் சொன்னால் வீட்டில் வரும் பதில், 'பயணம் போறவன் பிளேனில் உறங்குவான், என்னத்துக்கு வீண் செலவு?' சரிதான். அவன் பிளேனில் உறங்குவான். றைவர் எங்கே உறங்குவார்?

காலையில் கல்முனையில் ஸ்டியரிங் பிடித்தவர் பின்னேரம் கட்டுநாயக்க வருகிறார். வேனுக்குள் பிள்ளைகள் அழ, போன் அடிக்க, நுளம்பு கடிக்க, கதிரையைச் சாய்த்து ஒரு மணித்தியாலம் கண்ணை மூடுகிறார். பன்னிரண்டரைக்கு அழுகை, கட்டிப்பிடி, துஆ. ஒரு மணிக்கு வேன் கிறுகுது. 'வெயிலுக்கு முதல் ஊருக்குப் போயிடுவம்' என்று ஒருவர் சொல்வார், எல்லாரும் ஓம் என்பார்கள். பின்னால் எல்லாரும் அழுத களைப்பில் உறங்கிவிடுவார்கள். விழித்திருக்க வேண்டிய ஒரே ஆள் அந்த வேனிலேயே ஆகக் களைத்த ஆள். தம்புள்ளை தாண்டிய நேர் வீதியில் அவர் கன்னத்தில் அறைந்து அறைந்து ஓட்டுவதை முன் சீற்றில் இருந்து பார்த்திருக்கிறம். அவரோடு கதை கொடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை, நாங்களும் அரை உறக்கம்.

அதனால் சொல்றம்: அந்த றூம் பயணம் போறவருக்கு இல்லை, கிறுகி வாறவர்களுக்கு. பன்னிரண்டரைக்கு ஆளை உள்ளே அனுப்பிவிட்டு வந்து, சுபஹ் வரை றைவரைக் கட்டிலில் படுக்க வையுங்கள். பகல் வெளிச்சத்தில் ஊருக்கு வாருங்கள். லொட்ஜ்காரன் எப்படியும் முழுநாள் காசுதான் எடுக்கிறான், காலை வரை அந்த அறை உங்களுடையது. காசு போதாவிட்டால் வேனில் ஏறும் ஆட்களைக் குறையுங்கள். பயணம் சொல்லத்தான் அவர் முதல் கிழமையே வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டாரே, மறுபடி பன்னிரண்டு பேர் ஏர்போர்ட் வரை ஏன்? மாமிமார் கோவிப்பார்கள். கோவிக்கட்டும்.

தனியாகப் போற ஆம்பிளைக்கு வேனே தேவையில்லை. பகல் பஸ்ஸில் வருகிறவர் குருணாகலில் இறங்கினால் கொழும்புக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை. நாரம்மல, கிரியுல்ல, திவுலபிட்டிய வழியாக நீர்கொழும்புக்கு பஸ் இருக்கு. கொழும்பில் அலுவல் உள்ளவருக்கு 187. அது எதுவரை போகும் என்று ஏற முதல் கேளுங்கள், ஆவரிவத்தையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டி வரலாம். நவம்பர், டிசம்பர் என்றால் ஒருநாள் முந்தியே கிளம்புங்கள். மனம்பிட்டியில் தண்ணி ஏறினால் டிக்கெட்டைப் பார்த்து வடியாது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் நடந்ததை இந்தப் பக்கம் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

பொம்பிளைப் பிள்ளைகளின் கதை வேறு. வீட்டு வேலைக்குப் போற ஒரு ராத்தாவுக்குக் கடைசி இரவு எங்கே என்பதை அவர் தீர்மானிப்பதில்லை, ஏஜென்சி தீர்மானிக்குது. கொழும்பில் ஒரு வீட்டில் பத்துப் பேரோடு ஒரு ஹோலில் படுத்த கதையை எங்களுக்கு ஒருவர் சொன்னார். பாஸ்போர்ட்டைக் கையில் தந்ததே ஏர்போர்ட் வாசலில்தானாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. பிரச்சினைப்பட்டுத் திரும்பி வருகிற பெண்களுக்கு விமான நிலையத்துக்குக் கிட்ட 'சஹன பியச' என்ற தங்குமிடத்தை அது நடத்துது. நல்ல காரியம். ஆனால் உடைந்து வருகிறவளுக்கு ஒரு கட்டில் வைக்கத் தெரிந்த அரசுக்கு, முழுசாகப் போகிறவளுக்கும் ஓர் இரவு கட்டில் வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? வெளிநாட்டில் இருக்கிறவர்கள் 2024 இல் அனுப்பிய காசு 6.5 பில்லியன் டொலருக்கு மேல். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாடு எழும்பி நின்றதில் அந்தக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. நூறு கட்டில், பெண்களுக்கு வேறாக ஒரு மாடி, காவலுக்கு ஒரு ஆள். இதைக் கேட்பது பிச்சை இல்லை.

இடம் இல்லை என்ற கதையும் எடுபடாது. 1978 இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்த பிறகு ஆவரிவத்தையிலும் சீதுவவிலும் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறை கட்டி, கார்மென்ற் பிள்ளைகளுக்கு போடிங் கொடுத்தே ஒரு ஊர் வளர்ந்திருக்கு. அங்கே மலிவாகப் படுக்க இடம் உண்டு. ஓர் இரவுக்குத் தரத்தான் ஆள் இல்லை. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனில் டோர்மிட்டரிக் கட்டில் இருக்கு. கோலாலம்பூரில் மலிவு பிளைட் இறங்கும் முனையத்தோடேயே மணித்தியாலக் கணக்கில் படுக்கப் பெட்டி அறை இருக்கு, அங்கே மணித்தியாலக் கணக்கு என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அரசு செய்யும் வரை? முசாபர்கானா என்ற சொல் எங்கட மூத்தவாப்பாமாருக்குத் தெரியும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் ஆள் தெரியாத வீட்டு விறாந்தையில் படுத்தெழும்பிப் போகிறார்கள். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இந்தக் கரை வழியே போகும்போது காரைதீவிலும் திருக்கோவிலிலும் சோறும் நிழலும் கிடைக்குது. வழிப்போக்கனைப் படுக்க வைப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. ஊருக்கு ஊர் பள்ளிவாசலுக்கு மாபிள் பதிக்க சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் காசு அனுப்பும் எங்கட காக்காமார், நீர்கொழும்பில் ஒரு பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்தால் என்ன? 'யார் பார்ப்பது, எந்த ஊர் நிர்வாகம், நாளைக்குப் பொலிஸ் வந்தால் யார் பதில் சொல்வது' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். கடைசிக் கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. மற்ற இரண்டுக்கும் இருக்கு: ஊர் பார்க்காமல் எல்லாருக்கும், தமிழ் ஆட்களுக்கும் சேர்த்து, சின்னதாக ஒரு காசு எடுத்து. இலவசம் என்றால் ஆறு மாதத்தில் மூடிவிடும்.

இப்போதைக்கு எங்களிடம் இருப்பது ஒரு சி.ஆர். கொப்பி. போய்ப் படுத்து வந்த ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள்: எந்த வீடு, கதவடியில் என்ன விலை, நடு இரவில் வண்டி வந்ததா, பெண்கள் தங்கலாமா, அட்டையைப் பார்த்து முகம் மாறியதா. இதுவரை பதினொரு வீடு எழுதியிருக்கிறம், அதில் நாலைக் கோடு போட்டு வெட்டியாச்சு. மாதா சொரூபம் வைத்த அந்த அம்மாவின் வீடு முதல் பக்கத்தில் இருக்கு. அடுத்த மாதம் நிந்தவூரில் இருந்து ஒரு தம்பி போறார், பிளைட் விடிய நாலு இருபது. கொப்பி இப்போது அவருடைய கையில்.