கூண்டின் சாவி ஓர் அமானிதம்



சிங்கக்குட்டியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு மாளிகை முற்றத்தில் நடக்கும் இளைஞர். காரின் முன் இருக்கையில் சிறுத்தையை அமர்த்தி ஓட்டிச் செல்லும் செல்வந்தர். புலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படமெடுக்கும் சுற்றுலாப் பயணி. இத்தகைய காணொளிகள் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஓயாமல் ஓடுகின்றன. 'எவ்வளவு பாசமாக வளர்க்கிறார் பாருங்கள்' என்று பெரியவர்களும் வியந்து, குடும்பக் குழுக்களில் அவற்றைப் பகிர்கின்றனர். இது உண்மையில் பாசம்தானா? மார்க்கம் நமக்குத் தந்திருக்கும் அளவுகோலைக் கொண்டு இதை அளந்து பார்ப்பது அவசியம்.

அந்த அளவுகோல் ஒரு பூனையைப் பற்றிய ஹதீஸில் இருக்கிறது. ஒரு பெண் ஒரு பூனையை அடைத்து வைத்தாள். அது பசியால் மாண்டது. அதன் காரணமாக அவள் நரக வேதனைக்கு ஆளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. இதை அறிவித்த ஸஹாபாக்களுள் ஒருவர் அபூஹுரைரா (ரலி). பூனைக்குட்டியின் மீதிருந்த பிரியத்தாலேயே அப்பெயரால் அறியப்பட்டவர் அவர்.

அப்பெண்ணின் குற்றத்தை நபியவர்கள் எப்படி விளக்கினார்கள் என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை. பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தானே பிடித்துத் தின்னட்டும் என்று அவிழ்த்துவிடவும் இல்லை. ஆக, ஓர் உயிரை அடைத்தவருக்கு இரண்டே வழிகள்தாம் உண்டு. ஒன்று, அதன் உரிமையை முழுமையாகக் கொடுப்பது. மற்றொன்று, அதன் வாழ்வை அதனிடமே திருப்பிக் கொடுப்பது. மூன்றாவது வழி கிடையாது. அப்பெண் அந்தப் பூனையை நேசித்தாளா, வெறுத்தாளா என்ற கேள்வியே அந்த ஹதீஸில் எழவில்லை. தாழிட்ட கை தன் கடமையைச் செய்ததா என்பது மட்டுமே அங்கே கேட்கப்பட்டது.

வீட்டுப் பூனைக்கே இத்தனை கடுமையான விசாரணை என்றால், காட்டையே ஆளும் பெரும்பூனைகளான சிங்கத்தையும் புலியையும் அடைத்து வைப்பவரின் பொறுப்பு எத்தகையது? நம் நாட்டில் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இதைச் சிந்திப்போம்.

முதலாவது ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தானை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். புலி அவருடைய அரசின் சின்னம். அரியணையிலும் ஆயுதங்களிலும் புலி உருவம் இருந்தது. உயிருள்ள புலிகளும் அவரது கோட்டையில் வளர்க்கப்பட்டன. 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். அதன் பின்னர் கோட்டையின் பொறுப்பை ஏற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, அங்கிருந்த புலிகளைப் பற்றி ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவற்றுக்கு உணவும் இல்லை, கவனிக்க ஆளும் இல்லை. நிஜாமின் தளபதி மீர் ஆலம் அவற்றை எடுத்துக்கொள்ளாவிட்டால் சுட்டுக் கொல்ல உத்தரவிட வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். திப்புவின் புகழ்பெற்ற பொம்மைப் புலியோ கப்பலேறி லண்டன் சென்றது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் அது பத்திரமாக இருக்கிறது. மரப்புலிக்குப் பாதுகாவலர் கிடைத்தார்கள். உயிருள்ள புலிக்கு ஒரு கவளம் இறைச்சி போட ஆளில்லை. இதில் சுல்தானைக் குறை காண்பது நம் நோக்கமன்று. போரில் வீழ்ந்தவரால் என்ன செய்ய இயலும்? ஆனால் பாடம் தெளிவானது. கூண்டில் உள்ள விலங்கின் உயிர் அதன் வலிமையில் இல்லை; உணவோடு வரும் ஒரு மனிதரின் காலடி ஓசையில் இருக்கிறது. அந்தக் காலடி நின்றுவிட்டால் புலியும் அந்த ஹதீஸில் வரும் பூனையும் ஒன்றே.

இரண்டாவது வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்கு 2021-இல் கொரோனா தொற்றியது. ஜூன் 3 அன்று நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் இறந்தது. நாடே ஊரடங்கில் முடங்கியிருந்த காலம் அது. பார்வையாளர்களுக்குப் பூங்கா மூடப்பட்டிருந்தது, பராமரிப்பாளர்களுக்கோ விடுப்பில்லை. பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் அணிந்து அவர்கள் உள்ளே சென்றார்கள். உணவு கொடுத்தார்கள், கூண்டுகளைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்தார்கள், மருத்துவர்களின் சிகிச்சைக்குத் துணை நின்றார்கள். கைதட்டவும் படமெடுக்கவும் எவரும் இல்லாத நாட்களில் அந்தப் பணி நடந்தது. அடைத்தவர் அதன் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்ற முதல் வழிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பராமரிப்பாளருக்கும் விலங்குக்கும் இடையே உறவு உண்டா என்றால், ஐயமின்றி உண்டு. பழகிய குரலைப் புலி அறியும். அறிந்தவரைக் கண்டால் மூக்கின் வழியே மூச்சை மெல்ல அதிரவிட்டு ஒலியெழுப்பும். ஆயினும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் அந்த ஒலியை நம்பிக் கதவைத் திறப்பதில்லை. புலி அறைக்குள் சென்றதா, இடைக்கதவு தாழிடப்பட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே திடலுக்குள் காலெடுத்து வைக்கிறார். 2017 அக்டோபரில் பெங்களூருவின் பன்னேர்கட்டா பூங்காவில் ஒரு பராமரிப்பாளர் புலிகளால் கொல்லப்பட்டதை நாம் செய்திகளில் படித்தோம். அங்கே புலி துரோகம் இழைக்கவில்லை. அல்லாஹ் அதைப் படைத்த இயல்பில் அது இருந்தது. பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் அல்அன்ஆம் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். இன்னொரு சமுதாயத்தை மதிப்பது என்பது, அது நம்மைப் போல் ஆகிவிட்டது என்று நடிப்பதன்று. அது எதுவாகப் படைக்கப்பட்டதோ அதுவாகவே இருக்க விடுவதாகும்.

மூன்றாவது நிகழ்வு நம் பகுதிக்கு மிக அருகில் நடந்தது. ஆனைமலைப் புலிகள் காப்பகம் நம் மாவட்டத்தின் உடுமலை, அமராவதி காடுகளையும் உள்ளடக்கியது. அக்காப்பகத்தை ஒட்டிய வால்பாறை, முடீஸ் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் 2021 செப்டம்பரில் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்து மெலிந்து கிடந்த ஆண் புலிக்குட்டி ஒன்று மீட்கப்பட்டது. மருத்துவம் பார்த்து அதைத் தேற்றிய வனத்துறையினர், 2022 ஜூனில் மந்திரிமட்டம் என்ற இடத்தில் 10,000 சதுர அடியில் அமைத்த வேலிக்குள் அதை விட்டார்கள். அது வேட்டையாடக் கற்க வேண்டும் என்பது நோக்கம். இங்கே பராமரிப்பவரின் கடமை வியப்புக்குரியது. அவர் புலியின் கண்ணில் படக்கூடாது. மனிதனைக் கண்டால் உணவு வரும் என்று அது கற்றுவிட்டால், பின்னர் ஊருக்குள் வந்து நிற்கும். அது மனிதருக்கும் கேடு, புலிக்கும் கேடு. எனவே கேமரா மூலம் கண்காணித்து, இயன்றவரை விலகியே நின்றார்கள். குட்டியின் கோரைப்பல் சேதமுற்றது, அதைக் காட்டுக்கு அனுப்பும் முயற்சியைச் சிக்கலாக்கியது. எனினும் அந்த முயற்சியின் நிய்யத் உயர்ந்தது. தாம் உயிர் கொடுத்துத் தேற்றிய குட்டி தம்மை அடையாளம் கண்டு அருகில் வரக்கூடாது என்று பாடுபடுவது எளிதான காரியமா? அவிழ்த்துவிடு என்ற இரண்டாம் வழியில் நடப்பதற்கு இத்தகைய மனம் வேண்டும்.

இப்போது அந்தக் காணொளிகளைத் திரும்பிப் பாருங்கள். காரில் அமர்த்தப்பட்ட சிறுத்தைக்கு இவ்விரண்டில் எது கிடைத்தது? அதன் உரிமையான ஓட்டமும் வேட்டையும் நிழலும் இல்லை, விடுதலையும் இல்லை. அதன் உரிமையாளரின் பெருமைக்கு அது ஓர் ஆபரணம், அவ்வளவே. கொடிய விலங்குகளின் தோல்களை விரிப்பாக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. உரித்த தோலை விரித்து அமர்வதே விலக்கப்பட்டிருக்க, உயிரோடிருக்கும் புலியைச் செல்வச் செருக்கின் விரிப்பாக்குவது எப்படித் தகும்? வேட்டைக்குப் பிராணிகளைப் பழக்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது. வீண் பகட்டுக்கு அன்று. ஐக்கிய அரபு அமீரகமே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனிநபர்கள் இத்தகைய கொடிய விலங்குகளை வைத்திருப்பதைத் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு வைப்பதை 1998-இல் மத்திய அரசு தடை செய்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களுக்கு வண்டலூரிலும் புகலிடம் கிடைத்தது.

'பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மனிதருக்கே ஆயிரம் கவலை. புலியின் கவலை நமக்கெதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டும் வேறு வேறு பாடங்கள் அல்ல. ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளவை குறித்து விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழி. வெளியூர்ப் பெண் பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதியின் வாயிலை இரவில் பூட்டுபவரும் சாவியைக் கையில் வைத்திருப்பவர்தான். உள்ளே இருப்பவர்கள் உண்டார்களா, அவர்களில் எவருக்கேனும் காய்ச்சலா, வீட்டுக்குப் போக விரும்புகிறவர் போக முடிகிறதா என்று அவர் கேட்டாக வேண்டும். பூனை விஷயத்தில் அல்லாஹ் கேட்கும் கேள்வியை மனிதர் விஷயத்தில் கேட்காமல் விடுவானா?

நம் இல்லங்களில் இதை எங்கிருந்து தொடங்குவது? விலங்கை இழிவுபடுத்தும் காணொளிகளைப் பகிர்வதை நிறுத்துவோம். சுற்றுலாவில் சங்கிலிப் புலியோடு படமெடுக்கப் பணம் கொடுக்க மறுப்போம். கிளியைக் கூண்டில் வளர்க்கும் வழக்கம் இருந்தால், நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பூனையோ புறாவோ மீன்தொட்டியோ வீட்டில் இருந்தால், வாங்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை வைத்திருப்போம்: நாம் ஊரில் இல்லாத நாளில் இதற்கு உணவு கொடுப்பவர் யார்? பண்டிகை விடுமுறையில் கம்பெனிகள் மூடி, திருப்பூரே வெறிச்சோடும்போது, பூட்டிய வீடுகளுக்குள் எத்தனை உயிர்கள் காத்திருக்கின்றன என்பதை அல்லாஹ் அறிவான். உம்ராவுக்குப் புறப்படும் முன் கடன்களைத் தீர்க்கிறோம், உறவினரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அந்தப் பட்டியலில் வாயில்லா ஜீவனின் தண்ணீர்க் கிண்ணமும் இடம்பெறட்டும்.

பிள்ளைகள் விலங்குகளை நேசிப்பது நல்லது. அந்த நேசம், 'அது என்னிடம் எப்படி ஓடி வருகிறது' என்பதில் தொடங்கினாலும், 'அதற்கு என்ன தேவை' என்பதில் முதிர வேண்டும். அந்த வளர்ச்சிக்குத் துணை நிற்பது பெற்றோரின் வேலை, எங்களைப் போன்ற மதரஸா ஆசிரியர்களின் வேலையும்கூட.

நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரின் அமானிதத்தையும் குறைவின்றி நிறைவேற்றும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.