பெட்டியில் உறங்கும் வீரர்

நம் விடுதி விளையாட்டுச் சங்கத்திற்கு உரிய இரண்டு தகரப் பெட்டிகளைப் பற்றி இவ்வாண்டு எழுந்துள்ள வழக்கினை இம்மலரைப் படிப்போர் பலரும் செவியுற்றிருப்பர். ஒரு பெட்டியில் இருப்பன நாள்தோறும் கையாளப்பெறும் வீர உருவங்கள். மற்றொன்றில் இருப்பன ஆண்டுக்கணக்காக எவரும் தொடாதவை. பின்னதை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அத்தொகையால் புதியன வாங்கலாம் என்பது சங்கத்தார் சிலரது கருத்து. அது பொருந்தாது என்பது எம் துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

இவ்வாட்டத்தை அறியாத பழைய மாணவர் பொருட்டுச் சிறிது விளக்குதல் எம் கடன். ஜோர்டன் வைஸ்மன் என்பார் 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவிய விஸ்கிட்ஸ் என்னும் குழுமம், 2002 இல் ஹீரோகிளிக்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. மார்வெல், டிசி என்னும் படக்கதை நிலையத்தாரின் கதைகளில் வானிற் பறந்தும் மலையைப் பெயர்த்தும் திரியும் வீரர் இதில் விரலளவு உருவங்களாக வார்க்கப்பெற்றுள்ளனர். ஒவ்வோர் உருவமும் ஒரு வட்டின்மேல் நிற்கும். வட்டின் சிறு திறப்பிலே விரைவு, தாக்கு, காப்பு, சேதம் என்பவற்றின் எண்கள் தோன்றும். அடிபடுந்தோறும் வட்டைத் திருப்புவர். ‘கிளிக்’ என்னும் ஓசையோடு எண்கள் மாறும். தாக்குவோன் பகடை இரண்டை உருட்டி, வந்த தொகையோடு தன் தாக்கெண்ணைக் கூட்ட, அது மாற்றானின் காப்பெண்ணை எட்டினால் அடி பட்டதாம். உருவத்திற்கு உருவம் புள்ளி விலை வேறு. முந்நூறு புள்ளிக்குள் ஒரு படை திரட்டிப் பொருதல் பெருவழக்கு.

இவ்வுருவங்கள் மூடிய பெட்டியில் விற்கப்படுவன. உள்ளிருப்பது இன்னதென்று வாங்குவோன் அறியான். ஒரு பெருவீரனை நாடிப் பல பெட்டி திறப்பவனிடம், அவன் நாடாத காவலரும் ஏவலரும் கைக்கூலிகளும் குவிவது இயல்பே. அன்றியும், ஆண்டுதோறும் புதிய தொகுதிகள் வெளிவர, போட்டிகளிற் பழையன விலக்கப்படும். இவ்விரு வழியாலும் நிறைந்ததே நம் இரண்டாம் பெட்டி. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் சிலர் அன்போடு அனுப்பியவற்றுட் பெரும்பகுதி இப்பெட்டியிலேதான் கிடக்கின்றது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பழையன கழிக்கத் தக்கன என்று வாதிப்போர் ஒன்றை மறந்தனர். 2003 இல் விஸ்கிட்ஸை விலைக்கு வாங்கிய டாப்ஸ் என்னும் குழுமம், 2008 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அதனை மூடிவிட்டது. இவ்வாட்டம் முழுவதுமே அன்று ஒரு கைவிடப்பட்ட காய். 2009 இல் நெக்கா என்னும் வேறொரு குழுமம் எடுத்தாண்டமையாலன்றோ நம்மவர் இன்று ‘புதியன வாங்குவோம்’ என்று பேச இயல்கின்றது!

நிற்க. சென்ற விடுமுறையில் யாம் எண்மர் கொல்லிமலைக்குச் சென்று மூன்று நாள் தங்கினோம். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட அம்மலைப்பாதையில் வண்டி ஏறுங்கால் எம் மடிமேல் இருந்தது இரண்டாம் பெட்டி ஒன்றே. முதற்பெட்டியை வேண்டுமென்றே விடுதியில் விட்டுச் சென்றோம். அஃது உடனிருப்பின் கை அதனையே நாடும் என்பது தெளிவு. செம்மேட்டில் யாம் தங்கிய இல்லத்தின் திண்ணையில் ஒன்றரை அங்குலச் சதுரங்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்து களம் அமைத்தோம். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் நேரமும் அறப்பளீசுரர் கோயிலிற் செலவிட்ட நேரமும் போக, மூடுபனியும் மழையும் எம்மை உள்ளிருத்திய நேரமெல்லாம் ஆட்டத்திற்கே ஆயிற்று.

முதல் நாள் ஒரு தரப்பார் விலைமிக்க மூவரைக் கொண்டு படை அமைத்தனர். எதிர்த்தரப்பார் மிகக் குறைந்த புள்ளியுடைய சிற்றுருவங்கள் எட்டினைத் திரட்டினர். மூவரே வெல்வர் என்று பார்த்திருந்தோர் அனைவரும் கூறினோம். தொடக்க கால விதிப்படி நூறு புள்ளிக்கு ஒரு செயலாக முந்நூறு புள்ளிப் படைக்கு முறைக்கு மூன்று செயல்களே உண்டு. எட்டுப்பேரை வைத்துக்கொண்டு ஐவரைச் சும்மா நிறுத்துவதால் பயன் என்னை? இவ்வினாவே சிற்றுருவங்கள் பெட்டியிற் கிடப்பதற்கு மூல காரணம். ஆயின் அதே விதிநூலில் மற்றொரு விதியும் உண்டு. அடுத்தடுத்த இரு முறைகளில் ஒரே உருவத்தை ஏவின், அயர்ச்சியால் அதற்கு ஒரு கிளிக் சேதம் நேரும். பின்னர் அது ஒரு முறை ஓய்ந்தும் இருத்தல் வேண்டும். மூவர் படை முறைதோறும் முழுமையாய்ப் பொருதால் தன்னைத் தானே தேய்த்துக்கொள்ளும். தேயாதிருக்க விரும்பின் ஒரு முறை விட்டு ஒரு முறை வாளாவிருக்கும். எண்மர் படையிலோ மூவர் செயற்பட, ஏனையோர் இளைப்பாறுவர். அடுத்த முறைக்கு அயராத மூவர் ஆயத்தமாயிருப்பர். நாற்பது நிமிடத்திற்குள் அப்பெருவீரர் இருவர் களத்தினின்று அகற்றப்பட்டனர். மூன்றாமவன் ஒரு மூலையில் அடைபட்டு நின்றான்.

இரண்டாம் நாள் வேறொன்று கண்டோம். சில உருவங்களின் வட்டில் முதலில் தோன்றும் எண்கள் இழிந்தன. மூன்று நான்கு கிளிக் அடிபட்ட பின்னரே அவை ஏறும். சினங்கொள்ளுந்தோறும் வலிமை பெருகும் ஹல்க் என்னும் வீரனுக்கு வகுத்த வட்டுகளிற் பல இவ்வகையின என்பதை ஆட்டம் பயின்றோர் அறிவர். பெயர் பெறாத உருவங்களிலும் அத்தகையன இருத்தலை யாம் அன்றே கண்டோம். பெட்டியைத் திறந்து முதல் எண்ணை மட்டும் நோக்கி, ‘இஃது உதவாது’ என்று உள்ளே எறிந்தவர் வட்டை ஒருகாலும் திருப்பிப் பார்த்திலர். அடுத்து, தாமே அடியாது பிறர்க்கு உதவும் ஆற்றலுடையன: உருண்ட பகடையை மீண்டும் உருட்டச் செய்வது, தோழன் ஒருவனது எண்ணை ஒன்று கூட்டித் தருவது, அருகிலிருந்து புண்ணாற்றுவது. முதல் தொகுதியிலேயே போர்வீரன் அல்லாத மருத்துவப் பணியாளனுக்கும் உருவம் உண்டு. தனித்து நிறுத்தினால் அவன் எவரையும் வெல்லான். வெல்லத் தக்க ஒருவன் பின்னே நிறுத்தினால், அவ்வொருவன் இருவராகிறான்.

எல்லாக் காய்களும் இவ்வாறு ஒளிர்ந்தன என்று கூறோம். மூன்று நாளும் முயன்றும் எவ்வகைப் படையிலும் பயன்படாத சில உருவங்கள் உளவே. ஒன்றனுக்கு விரைவும் இல்லை, எட்டித் தாக்கும் தொலைவும் இல்லை, பிறர்க்கு உதவும் ஆற்றலும் இல்லை. புள்ளி விலை மட்டும் மிகுதி. அதனை வார்த்தவர் என் கருதி வார்த்தாரோ! எனினும் அதனைத் தாழ்ந்ததென யாம் கூறுவது ஆடிப்பார்த்த பின்னரே. ‘விலைக்குக் கொடுப்போம்’ என்பாரும் தாம் கொடுக்கக் கருதும் ஒவ்வொன்றையும் ஒரு முறையேனும் களத்தில் நிறுத்தினரா என்று வினவுகின்றோம்.

காயின் மதிப்பு காயில் மட்டும் இல்லை. விதியிலும் துணையிலும் உள்ளது. இதற்கு மேல்நாட்டு ஆட்டம்தான் சான்றென்பதில்லை. நம் சதுரங்கத்தில் அமைச்சன் பண்டு மூலைவாக்கில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்த மெலிந்த காய். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் விதியை மாற்ற, அதே காய் அரசியாகிக் களம் முழுதும் ஆண்டது. நம் பாட்டிமார் திண்ணையில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை நோக்குங்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து, சந்திகள் இருபத்து மூன்று. புலி தாவி வெட்டும். ஆடு எதனையும் வெட்டாது. பதினைந்தும் வைத்து முடியுந்துணையும் ஒன்றும் நகரவுங்கூடாது. சிறுவர் எல்லோரும் ‘புலி எனக்கு’ என்று கூச்சலிடுவர். ஆயினும் ஆட்டத்தின் நயம் முழுவதும் ஆடு வைப்பவன் கையில் உள்ளதென்பதைக் கைதேர்ந்த முதியோர் அறிவர். புலிக்குக் கண் வேண்டும். ஆட்டுக்கோ கணக்கு வேண்டும்.

கொல்லிமலையிலேயே இதனினும் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு முதலியன அம்மலைவாணரின் பழம்பயிர்கள். சாமையில் மட்டும் சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை எனப் பல வகைகளை அவர் பெயரிட்டு வைத்துள்ளனர். சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கைப் பணம் கொடுத்து வாங்க, கொல்லைகளில் மரவள்ளி பரவிச் சிறுதானியம் சுருங்கிற்று. பயிரிற் குறை இருந்தமையால் அது சுருங்கிற்றோ எனின், அன்று. உமி நீக்க உரலும் உலக்கையும் கொண்டு பெண்டிர் நெடும்பொழுது குற்ற வேண்டியிருந்தது, விற்கவோ சந்தையில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990 களிலிருந்து அம்மக்களோடு கூடி விதை வங்கிகள் அமைத்தும், ஊர்களில் அரைவை எந்திரங்கள் நிறுவியும், விளைந்ததை மாவாக்கி விற்க வழி செய்தும் அவற்றை மீண்டும் நடைமுறைக்குக் கொணர முயன்றனர். மாறியது தானியம் அன்று. அதனைச் சூழ்ந்த ஏற்பாடே மாறிற்று. 2023 ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய ஞான்று, விதையே இல்லாதவாறு முன்னரே எறிந்திருந்தால் எதனைக் கொண்டாடுவது? இவ்வொப்புமை விளையாட்டுப் பொருளுக்கு மிகை என்று நகைப்பார் நகைக்க.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கின்றது; ஆடித் திங்களில் அரசினர் விழாவும் எடுக்கின்றனர். விட்ட அம்பு ஒன்றே யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பிலும் பாய்ந்தது என்று வன்பரணர் புறநானூற்றில் (152) பாடிய இவனைக் காட்டிலும் பெரிய படக்கதை வீரன் யாவன்? அச்சிலையைக் கண்டு திரும்பிய மாலையில், கடையெழு வள்ளல்களை இவ்வாட்டத்திற்கு உருவங்களாக வார்த்தால் எவ்வாறிருக்கும் என்று எம்முள் பேச்செழுந்தது. ஓரிக்கு எட்டித் தாக்கும் தொலைவு மிகப் பெரிது என்றோம். அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த முள்ளூர்க் காரிக்கு அதனினும் உயர்ந்த காப்பெண். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர், ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஆதலின் குதிரைகளும் தொகுதியில் இடம்பெற வேண்டுமென்று நண்பர் ஒருவர் விடாது வாதித்தார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் எல்லோரும் கேட்டு வாங்குவர். பெட்டியின் அடியிற் கிடப்பவன் யாவன் என்று எண்ணியபோது அனைவர் வாயிலும் ஒருங்கே வந்த பெயர் நள்ளி.

நள்ளியைப் பாடியவரும் அதே வன்பரணர்தாம் (புறம் 150). காட்டிற் பசித்து இளைத்துக் கிடந்த புலவரையும் சுற்றத்தையும் வேட்டுவனாக வந்து கண்டான். தன் ஏவலர் வருமுன்னே தானே தீ மூட்டி, ஊன் சுட்டு உண்பித்தான். மார்பின் ஆரத்தையும் முன்கைக் கடகத்தையும் கழற்றிக் கொடுத்தான். பெயர் வினவியபோது கூறாமலே போனான். அவன் நள்ளி என்பதைப் புலவர் வழியிற் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தார். ஓரியைப் போல் அம்பெய்து அவன் எவரையும் வியக்கவைத்திலன். ஆயின் யாம் மேலே கூறிய புண்ணாற்றும் ஆற்றல், அயர்ந்தோரை மீண்டும் எழச்செய்யும் ஆற்றல், அவனுக்கன்றி எவனுக்குப் பொருந்தும்? எம் எண்மருள் நால்வர் தத்தம் படைக்கு முதலில் நள்ளியையே எடுப்போம் என்றனர்.

இடம் போதாது, பணம் வேண்டும் என்னும் தடைகட்கு விடை சுருக்கமாகவே கூறலாம். பெட்டி ஒரு முழ நீளம். விடுதி அலமாரியின் அடித்தட்டு போதும். பணமோ, பழைய உருவங்களுக்கு வெளியே கிடைப்பது சொற்பம். அத்தொகைக்குப் புதிய மூடிய பெட்டி இரண்டு மூன்று வாங்கினால், அவற்றினின்றும் நாடாத காய்களே மிகுதியாக வெளிவரும். பின்னர் அவற்றை எங்கே விற்பது?

எனவே சங்கத்தாரிடம் யாம் வேண்டுவது இது. வரும் பருவத்தில் திங்களுக்கு ஒரு சனிக்கிழமை மாலை இரண்டாம் பெட்டி மட்டும் திறக்கப்படுக. எவரும் தாம் முன்னர் ஆடிய உருவத்தை அன்று எடுத்தலாகாது. புதிதாகச் சேரும் மாணவர்க்கு முதற்பயிற்சியும் அன்றே நடைபெறுக. பெருவீரரைக் கொண்டு தொடங்குவோர் விதியைக் கற்பதில்லை என்பது யாம் கண்டது. ஒவ்வோர் உருவமும் எப்படையில் எவ்வாறு உழைத்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. ஆண்டிறுதியில் அக்குறிப்பேட்டை முன்வைத்துக்கொண்டு, விற்கத் தக்கவை உளவேல் விற்கலாம். யாம் குறுக்கே நில்லோம்.

இதற்கிடையே, அடுக்கடுக்காய்க் கிடந்தமையால் வேலும் வாளும் வளைந்த உருவங்கள் பல. வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி நிமிர்த்துக் குளிர்நீரில் இட்டால் அவை நேராகும். இப்பணிக்கு முன்வரும் மாணவர் வெள்ளிக்கிழமை மாலை விடுதி உணவறைக்கு வருக. வெந்நீருக்குச் சமையற்காரர் இசைந்துள்ளார்.