உங்க எம்.பி. எத்தனை நிமிஷம் பேசலாம்? நாடாளுமன்றத்தில் அதை முடிவு பண்றது யார்?

நம்ம தொகுதி எம்.பி. மக்களவையில் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு, மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். மணி அடிக்கும். சபாநாயகர் 'முடிங்க, முடிங்க' என்பார். அடுத்தவர் பெயரையும் கூப்பிட்டுவிடுவார். அந்த வீடியோ ரீல்ஸில் வந்தால், கீழே 'பேசவே விட மாட்டேங்குறாங்க' என்று கமெண்ட் குவியும்.

ஆனால் அந்த மணி எப்போது அடிக்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே, கேமரா இல்லாத ஓர் அறையில் முடிவாகியிருக்கும்.

அந்த அறையில் என்ன நடக்கிறது?

அதன் பெயர் அலுவல் ஆய்வுக் குழு. மக்களவையில் சபாநாயகர்தான் இதற்குத் தலைவர். அவரையும் சேர்த்து அதிகபட்சம் 15 பேர். ஒரு மசோதாவுக்கு எத்தனை மணி நேர விவாதம் என்று இவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். எந்த மசோதாவைக் கொண்டுவருவது, எப்போது கொண்டுவருவது என்பது மட்டும் அரசின் கையில்தான்.

மொத்த நேரம் முடிவானதும் அதைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிப்பார்கள். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போமா? 8 மணி நேர விவாதம் என்றால் 480 நிமிடம். மொத்தம் 543 இடங்கள். 22 எம்.பி.க்கள் உள்ள திமுகவுக்கு வெறும் எண்ணிக்கைக் கணக்கில் வருவது 19 நிமிடம் சொச்சம். அதுவும் 22 பேருக்கும் சேர்த்து! 2 எம்.பி.க்கள் உள்ள விசிகவுக்கு 2 நிமிடம்கூடத் தேறாது. இது 8 மணி நேரத்துக்கு. 3 மணி நேரம் மட்டுமே ஒதுக்கிய மசோதாவாக இருந்தால் 40 நொடி! நடைமுறையில் சிறிய கட்சிகளுக்குச் சில நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஆனாலும் அது சபாநாயகர் மனசு வைத்தால்தான்.

அதனால்தான் மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதிலேயே சண்டை தொடங்கிவிடுகிறது. 2025 ஏப்ரலில் வக்பு திருத்த மசோதா வந்தபோது எதிர்க்கட்சிகள் 12 மணி நேரம் கேட்டன. குழு ஒதுக்கியது 8 மணி நேரம். எதிர்க்கட்சிகள் அந்தக் கூட்டத்திலிருந்து வெளிநடப்பு செய்தன. வேடிக்கை என்னவென்றால், ஏப்ரல் 2-ம் தேதி தொடங்கிய விவாதம் நள்ளிரவையும் தாண்டி ஓடியது. 3-ம் தேதி அதிகாலையில்தான் 288-232 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. ஆக, அவை நினைத்தால் நேரம் கிடைக்கும்.

ஒரு நாள் எப்படி ஓடும்?

மக்களவை காலை 11 மணிக்குக் கூடும். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம், 12 மணிக்கு பூஜ்ய நேரம். மாநிலங்களவையில் இது தலைகீழ். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகுதான் பொதுவாக மசோதாக்கள் வரும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கு. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காக திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

1 மணியில் வெடித்த சண்டை

நேரம் என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் 2020 செப்டம்பர் 20-ஐ நினைத்துப் பார்க்கலாம். கொரோனா காலக் கூட்டத்தொடர் அது. கேள்வி நேரமே கிடையாது. மாநிலங்களவை காலை 9 முதல் மதியம் 1 மணி வரை மட்டும்தான். அன்று வேளாண் மசோதாக்கள் மீது விவாதம். மணி 1-ஐ நெருங்கியும் அமைச்சரின் பதிலுரை முடியவில்லை. மசோதாவை அன்றே முடிக்கலாம் என்று துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அவை நேரத்தை நீட்டித்தார். 'எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் நீட்டிக்க முடியும், மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்' என்பது எதிர்க்கட்சிகளின் வாதம்.

அப்புறம் நடந்தது எல்லோரும் டிவியில் பார்த்ததுதான். மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றவர்களில் அதே திருச்சி சிவாவும் ஒருவர். எண்ணி வாக்கெடுங்கள் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் 8 எம்.பி.க்கள் சஸ்பெண்ட். இன்னொரு நாள் விவாதம் நீண்டிருந்தாலும் மசோதாக்கள் நிறைவேறியிருக்கலாம். ஆனால் எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்ற எண்ணிக்கையாவது பதிவாகியிருக்கும்.

விவசாயிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2021 நவம்பர் 29-ல் அந்தச் சட்டங்களை ரத்து செய்யும் மசோதா வந்தது. விவாதம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. மக்களவையில் விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

பட்டியலிலேயே இல்லாத மசோதா வருமா?

வரும். ஒவ்வொரு நாளும் அலுவல் பட்டியல் வெளியாகும். மசோதா நகல் எம்.பி.க்களுக்கு இரண்டு நாள் முன்பே கிடைக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆனால் அவையை நடத்துபவர் இதற்கு விலக்கு தரலாம். 2019 ஆகஸ்ட் 5-ல் ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா அப்படித்தான் வந்தது. மாநிலங்களவைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி விலக்கு அளித்தார். ஒரு மாநிலத்தை இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கும் மசோதாவை எம்.பி.க்கள் கையில் வாங்கியதும் அன்றுதான், அதன் மீது வாக்களித்ததும் அன்றுதான்.

2023 செப்டம்பர் 19-ல் மகளிர் இட ஒதுக்கீடு மசோதாவும் துணைப் பட்டியல் வழியாகத்தான் மக்களவைக்கு வந்தது. 'எங்களுக்கு நகலே வரவில்லை' என்று எதிர்க்கட்சிகள் குரல் எழுப்பின. மறுநாளே அது 454 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் இரண்டே பேர்.

அடுத்த வாரம் என்னென்ன அரசு அலுவல்கள் என்பதை நாடாளுமன்ற விவகார அமைச்சர் வழக்கமாக வெள்ளிக்கிழமையில் அவையில் சொல்லிவிடுவார். தினசரிப் பட்டியல் நாடாளுமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும். போனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துணைப் பட்டியல் என்று ஒன்று இருப்பதால், காலையில் பார்த்ததை மதியம் இன்னொரு தடவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.