பாவம் அந்த கார்பரேட்டர்!

பழைய அம்பாசடர் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதல் கைது கார்பரேட்டர்தான். விசாரணையே கிடையாது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

நான் படிப்பது பி.காம்., ஸ்பேனர் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். குன்னூரில் மாமாவிடம் ஒரு மார்க் 4 இருக்கிறது, 1489 சிசி பெட்ரோல் வண்டி. ஒரு டிசம்பரில் மெக்கானிக் ஒருவர் இரண்டு முறை கார்பரேட்டரைக் கழற்றி மாட்டினார். மூன்றாவது முறை, "புதுசு போடுங்க சார், இல்லேன்னா வித்துடுங்க" என்றார். கடைசியில் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பள்ளம் விழுந்து கிடந்தது! நல்ல வேளை, மாமா விற்கவில்லை.

குளிரில் நடப்பது இதுதான். ஆயில் கெட்டியாகிவிடும், செல்ஃப் மோட்டார் திணறி பேட்டரியை உறிஞ்சும். அந்த நேரத்தில் காயிலுக்குப் போகும் மின்சாரம் குறைந்து பொறி மங்கும். பாயிண்டும் தேய்ந்திருந்தால் கதை முடிந்தது. மதியம் வெயிலில் அதே வண்டி ஒரே அடியில் கிளம்பும். உடனே நாம் "குளிருக்கு பெட்ரோல் ஏறலை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

காசு செலவாகாத சோதனைகளை முதலில் செய்தால் என்ன? நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ எர்த் ஒயரையோ சந்தேகப்படுங்கள். மலையில் பனி ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கோத்துக்கொள்ளும், உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் மனமிரங்கும் :-) பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதை அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றும் பெரிய விலையில்லை. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் கார்பரேட்டர் பக்கம் போகலாம். தொட்டதற்கெல்லாம் அதைத் திறந்து ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும். அது மறுபடி வராது.

அப்புறம் இந்த சோக். இழுத்துவிட்டு ஆக்சிலரேட்டரைப் பத்து தடவை மிதிப்பது நம் தேசிய வழக்கம். மாமா வண்டியில் இருப்பது சோலெக்ஸ். சோக்கை இழுத்தால் குளிருக்கென்றே உள்ள தனிப் பாதை திறந்து பெட்ரோல் அதிகமுள்ள கலவை போகும். பெடலைத் தொடாமல் இருந்தால்தான் எஞ்சினின் உறிஞ்சல் அந்தப் பாதையில் முழுசாக விழும். மிதிக்க மிதிக்க அது பலவீனமாகி, பிளக் நனைவதுதான் மிச்சம்.

உண்மையாகவே எரிபொருள் பக்கம் கவலைப்பட ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஆவியாக அதிக வெப்பம் வேண்டும், குளிர்காலையில் அது எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலைத் தாங்கச் செய்தவை அல்ல. அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே உத்தர்பாராவில் நின்றுவிட்டது, கம்பெனி வந்து மாற்றித்தரப் போவதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி நாமேதான் மாற்ற வேண்டும். மாமா இன்னும் மாற்றவில்லை, இந்தக் குளிருக்கு முன்னால் நச்சரித்தாவது மாற்றவைக்க வேண்டும்.