காவோலைக்கும் ஒரு கமரா

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சென்ற இலையுதிர் காலத்தில் எனது கிளினிக்குக்கு வந்த ஓர் ஐயா, இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டியபடியே, "நான் இப்ப காவோலைதானே டொக்டர்" என்றார். பிள்ளைகள் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கு. அவர் பகல் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால்.

எனது கைத்தொலைபேசியில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். "கண்ணுக்குள்ளே எடுத்ததோ?" என்று கேட்டார். நீரிழிவுக்காரர், விழித்திரைப் படம் அவருக்குப் பழக்கம். அது உக்கிப்போன எல்ம் இலை. சதை போய் நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

இந்தப் பழக்கம் எனக்கு 2020 ஓகஸ்டில் தொற்றியது. மெல்பேர்ண் முடக்கத்தில் வீட்டிலிருந்து 5 கிலோமீற்றருக்குள், நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம். இரவு 8 மணிக்கு ஊரடங்கு. யாழ்ப்பாணத்தில் ஊரடங்குக்குள் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லே வயிற்றைப் பிசைந்தது. குனிந்த தலையோடு நடந்தபோது கண்ணில் பட்டது வாய்க்கால் ஓரத்துச் சருகுதான். குந்தியிருந்து படம் எடுத்தேன்.

மிகக் கிட்டவிருந்து எடுக்கும்போது சில மில்லிமீற்றர் மட்டுமே தெளிவாக விழும். முழங்கையை நிலத்தில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வேறெதையும் நினைக்க முடியாது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

இலை சும்மா சாவதில்லை. உதிருமுன் அதிலிருக்கும் நைதரசனில் ஒரு பங்கை மரம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைய, ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்றவற்றின் சிவப்போ முன்பு இருந்ததல்ல, பெரும்பாலும் அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. விழுந்த பிறகு பூஞ்சணமும் புழுக்களும் மென்மையான பகுதியைத் தின்ன, கடினமான நரம்பு நாட்கணக்கில் நிற்கிறது.

நம்மவர் கமராவைத் தூக்குவது கேக் வெட்டும்போதும் சாமத்தியவீட்டிலும்தான். வீட்டிலுள்ள அப்பாவின் கையில் பழைய போன் ஒன்றைக் கொடுத்து, கிட்டடிப் பூங்காவுக்கு அனுப்புங்கள் என்பேன். நடையும் ஆகும், பேச ஒரு விடயமும் கிடைக்கும். இது மருந்தல்ல. நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் கடந்தால் குடும்ப வைத்தியரிடம் வாருங்கள். மனநலத் திட்டம் எழுதினால், வருடத்துக்கு 10 தடவை வரை உளவியலாளரைப் பார்க்க மெடிகேர் உதவும்.

சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள், நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம். சருகுக்குள் வெறுங்கையை விடவேண்டாம். சிட்னியில் ஃபனல் வெப் சிலந்தி உண்டு. கடையில் வாங்கும் பூச்சாடி மண்ணைக் கிளறும்போது முகக்கவசம் போடுங்கள். லீஜியோனெல்லா என்ற கிருமி அதிலிருந்து நுரையீரலுக்குப் போகலாம்.

அந்த ஐயா அடுத்த முறை நாற்பது படங்களோடு வந்தார். முக்கால்வாசி கலங்கல். ஒன்றை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, "தோட்டத்திலே பூவரசங்குழை தாட்டு, பிறகு கிண்டினால் இப்பிடித்தான் கிடக்கும் டொக்டர்" என்று தொடங்கி, மிளகாய்க் கன்றுக்கு எத்தனை கட்டுக் குழை வேண்டும் என்பது வரை எனக்குப் பாடம் எடுத்தார். வெளியே மூன்று நோயாளர் காத்திருந்தார்கள். சீனி அளவு அப்படியேதான் இருக்கிறது. அடுத்த தடவைக்கு இரட்டை நேரம் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்.