கெளரவக் காரியதரிசியின் கைப்பை

பழைய மாணவர் சங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு ஆண்டுக்கொரு முறை நடைபெறும் விருந்தும், மேடையில் அணிவிக்கப்படும் பொன்னாடையும், வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் புகைப்படமுமே நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாதவை என்று நான் கூறவில்லை. ஆயினும் அந்த விருந்துக்கு மண்டபம் பிடித்தவர் யார், இருநூறு பேருடைய விலாசங்களைத் திருத்தி எழுதியவர் யார், மிஞ்சிய சாம்பாரை என்ன செய்வது என்று இரவு பதினொரு மணிக்குச் சமையற்காரரோடு யோசித்துக்கொண்டு நின்றவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவருக்குக் கெளரவக் காரியதரிசி என்று பெயர். இங்கே ‘கெளரவ’ என்பதற்குச் சம்பளம் இல்லை என்றே பொருள்; சில சங்கங்களில் கெளரவமும் இல்லை.

இதைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். எந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் மாணவனாகக் கடந்தவன் அல்லேன். ஆனால் தேவ்நாரில் குடியிருப்பவன் பட்டதாரிகளைக் காணாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாது. 1936-இல் நாகபாடாவில் தொடங்கப்பட்ட டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் 1954-இல் இவ்வூருக்கு வந்தது. 1964-இல் பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதியையும் பெற்றது. இங்கு வருமுன், 1940-களில் அதற்கு இயக்குநராக இருந்த டாக்டர் ஜே. எம். குமரப்பா நம் தமிழரே. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவுக்குத் தமையனார். நர்மதைக் கரை மக்களுக்காகப் போராடிய மேதா பட்கர் அங்கே படித்தவர். ஆயினும், பெயர் விளங்கிய பழைய மாணவர்களைப் பற்றி நாளிதழ்கள் எழுதிக்கொள்ளும். பெயர் விளங்காமல் சங்கத்தின் பேரேட்டைச் சுமப்பவர்களே இம்மாதம் எனக்கு வேண்டியவர்கள்.

இவ்வினம் நம் நகரத்துக்குப் புதிதன்று. பம்பாய்ப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் தோன்றியது 1857-இல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1848-இல், எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோரும் படித்து முடித்தோருமாகச் சில இளைஞர்கள் பேராசிரியர் பேட்டன் என்பவரின் ஊக்கத்தால் மாணவர் இலக்கிய விஞ்ஞானச் சங்கம் என்ற ஒன்றை நிறுவினர். தொடக்கத்தில் அவர்கள் செய்தது யாவரும் செய்வதே: கட்டுரை படித்தார்கள், விவாதித்தார்கள், குஜராத்தியிலும் மராத்தியிலும் கிளைச் சபைகள் கண்டார்கள். அம்மட்டில் நின்றிருந்தால் இன்று அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மறு ஆண்டு, 1849-இல், பெண்குழந்தைகளுக்குப் பள்ளி திறப்பது என்று முடிவு செய்தார்கள்.

பள்ளி திறப்பதற்கு இடம் இல்லை, பணம் இல்லை, உபாத்தியாயர் இல்லை. உபாத்தியாயர் இல்லாக் குறையைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். காலையில் தத்தம் அலுவலுக்குப் போகுமுன் பள்ளியில் நின்று இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதைவிடக் கடினமான வேலை பிள்ளைகளைச் சேர்ப்பது. வீடு வீடாகச் சென்று, ‘உங்கள் மகளை அனுப்புங்கள், அனுப்ப மனமில்லையென்றால் உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலேயே வந்து கற்பிக்கிறோம்’ என்று மன்றாடினார்கள். படியிலிருந்து கீழே தள்ளிவிடுவேன் என்று மிரட்டிய தந்தையரும் உண்டு. இவ்வாறு படியேறி இறங்கியவர்களில் ஒருவர் தாதாபாய் நவ்ரோஜி. 1892-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அங்கத்தினரான அதே தாதாபாய்தான். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. பிள்ளைகள் வரத் தொடங்கிய பிறகே பெரிய மனிதர்களின் பணமும் வந்தது. ஜகந்நாத் சங்கர்சேட் துணை நின்றார். காமா குடும்பத்தார் பொருளுதவி செய்தனர். இந்த வரிசையை நன்கொடைச் சீட்டோடு முதலில் செல்வந்தர் வீட்டுக்குப் போகும் நம் சங்கத்தார் சற்றுக் கவனிக்க வேண்டும்.

எனினும், என்னை வியக்கவைத்தது வேறொன்று. 1855-இல் தாதாபாய், காமா குடும்பத்தாரின் வியாபாரத்தில் பங்காளியாகச் சேர்ந்து இலண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். அச்சங்கத்தின் ஒளிமிக்க மனிதர் போய்விட்டார்! நம் சங்கங்களாயிருந்தால் அத்துடன் பெயர்ப்பலகையும் இறங்கியிருக்கும். அங்கோ பள்ளிகள் நின்றுவிடவில்லை. பார்ஸிப் பெண்களின் பள்ளிகளைப் பின்னர் பார்ஸிப் பிரமுகர்கள் பொறுப்பேற்று நடத்தினர். சங்கத்தின் பெயரைத் தாங்கிய பெண்கள் பள்ளி கிர்காமில் நெடுங்காலம் நடந்து வந்தது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை ஒழுங்காக மாறியிருக்கிறது. மாதுங்காவில் 1932-இல் நம்மவர் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் இன்றளவும் நிலைத்திருப்பது இத்தகைய கைமாற்றங்களினாலேதான்.

கைமாற்றம் என்றால் என்ன என்பது இரயில்வேக்காரனுக்குத் தெரியும். எங்களில் ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் சாவி, முத்திரை, பதிவேடு, ரொக்கம், தீராத கடிதங்கள் ஆகியவற்றை எண்ணிப் பட்டியலிட்டு, ஒப்படைப்பவரும் பெறுபவரும் கையொப்பமிட்ட பிறகே அவர் வண்டியேற முடியும். சங்கக் காரியதரிசிக்கு மாற்றல் வந்தால் என்ன நடக்கிறது? பிரிவுபசார விருந்து நடக்கிறது. மாலை போடுகிறோம். அவருடைய கைப்பையில் இருந்த சங்கம் அவரோடு ஊர் போய்ச் சேர்கிறது.

நான் அறிந்த ஒரு பழைய மாணவர் சங்கத்தில், பெயர் வேண்டாம், இது அப்படியே நடந்தது. ஆண்டுதோறும் இரண்டு மூன்று ஏழைத் தமிழ் மாணவியருக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்துவது அவர்கள் வழக்கம். அவ்வாண்டு காரியதரிசி நாகபுரிக்கு மாற்றலானார். பொருளாளர் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குப் போனார். புதியவர்கள் காசோலையோடு வங்கிக்குச் சென்றபோது, கையொப்பமிடும் உரிமை இன்னமும் பழையவர்கள் பெயரிலேயே இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சங்கத்தில் நிர்வாகிகள் மாறினால், அம்மாற்றத்தைத் தொண்ணூறு நாட்களுக்குள் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்துக்கு உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பார் எவருமில்லை. கட்டணத்துக்குக் கெடு ஐந்து நாள். பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. தாராவியிலிருந்து வந்து படிக்கும் அந்தப் பெண்ணின் பெயர்தான் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து அடிபடும் நிலையில் இருந்தது. கடைசியில் புதிய காரியதரிசியின் மனைவி, தம் தங்கை திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தொகையை எடுத்துக் கொடுத்தார். அத்தொகையைச் சங்கம் திருப்பித் தர ஏழு மாதங்கள் ஆயின.

அந்த அம்மையாரின் பெயர் சங்கத்தின் ஆண்டறிக்கையில் இல்லை. காரியதரிசி ஒருவர் உழைக்கிறார் என்றால் அவர் வீட்டில் இன்னொருவரும் உழைக்கிறார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுமிடம் பெரும்பாலும் அவர் வீட்டுக் கூடமே. எட்டுப் பேருக்குக் காப்பி இரண்டு முறை. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போவதாகச் சொன்ன வாக்கு அடுத்த வாரத்துக்குப் போகிறது. இவ்வளவுக்கும் ஈடாக அவர் பெறுவது வாட்ஸ்அப்பில், ‘சென்ற ஆண்டு இட்லி இதைவிட மிருதுவாக இருந்தது’ என்று பெயர் போட்டும் போடாமலும் வரும் செய்திகள்.

குறை காரியதரிசிகள் பக்கமும் உண்டு. உழைப்பவரிடம் ஒரு நோய் பற்றிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்: ‘நான் இல்லாவிட்டால் இது நடக்காது’ என்ற எண்ணம். முதலில் அது உண்மையாக இருக்கிறது. சில ஆண்டுகளில், அது உண்மையாகவே இருக்கட்டும் என்று அவர் விரும்பத் தொடங்குகிறார். விலாசப் பட்டியலைப் பிறர் கையில் தருவதில்லை. இளைஞர் ஒருவர் யோசனை சொன்னால், ‘அதெல்லாம் முன்பே செய்து பார்த்தாயிற்று’ என்ற பதில் வருகிறது. இத்தகையவர் பன்னிரண்டு ஆண்டுகள் பதவியில் இருப்பதைத் தியாகம் என்று பாராட்ட என் மனம் ஒப்பவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை பதவி மாற வேண்டும். மாறுமுன் ஆறு மாதம் வருங்காலக் காரியதரிசி உடனிருந்து பழக வேண்டும். இளைஞர்கள் முன்வருவதில்லை என்று சொல்வோர், அவர்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலை தவிர வேறெதைக் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செம்பூர், தேவ்நார், கோவண்டிப் பகுதிகளில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் பலவற்றின் கணக்காண்டு மார்ச்சில் முடிகிறது. பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் அன்பர்கள் விருந்து நேரத்துக்கு மட்டும் போகாமல், கணக்கு வாசிக்கும் நேரத்துக்கே போய் அமருங்கள். வங்கியில் யார் கையொப்பம் இருக்கிறது, கமிஷனர் அலுவலகத்துக்கு மாற்றம் தெரிவித்தாயிற்றா, பட்டியலின் நகல் இன்னொருவர் வீட்டில் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டவரையே அடுத்த காரியதரிசியாக்கிவிடும் அபாயம் உண்டு. அதற்கும் சித்தமாகப் போவது நல்லது.

வெளியூரிலிருந்து இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு விடுதி கிடைப்பது பற்றிச் சயான் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.